இருபது ரூபாய் வழக்கு: காரைக்குடியில் ஒரு வாடகைப் புத்தகக் கடை

காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலுக்குப் பின்புறத் தெரு ஒன்றில், பெயர்ப் பலகை இல்லாத வாடகைப் புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளர் எனக்கு 20 ரூபாய் தர வேண்டும். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் முதல் காரணம். இலக்கியமெல்லாம் அதற்குப் பிறகு.

நான் தேவகோட்டைக்காரி. மேல்நிலைப் பள்ளியில் 28 வருடம் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு பைசா இடித்தாலும் ஐந்தொகை பொருந்தாது என்று சிவப்பு மையால் எத்தனையோ பிள்ளைகளை அழவைத்திருக்கிறேன். 20 ரூபாயை விடுவேனா?

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பு அது. பாகப்பிரிவினையில் அவர் பங்குக்கு வந்தது முகப்பும் அதை ஒட்டிய ஓர் அறையும்தான். உள்ளே வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்குப் போகும் கதவு பூட்டிக் கிடக்கிறது; சாவி ஏழு பங்காளிகளில் யாரிடம் இருக்க வேண்டும் என்பது இன்னும் தீரவில்லை. தரையில் ஆத்தங்குடிக் கல். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் சித்திரை வெயிலிலும் உள்ளங்கால் குளிர்கிறது. மூன்று பர்மா தேக்கு அலமாரிகள். அவருடைய ஐயா ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவை என்கிறார். பெரிய வீடுகள் கைமாறும்போது பரணில் கிடக்கும் புத்தகங்கள் எடைக்குப் போகும். அவற்றை வழியிலேயே மறித்து வாங்கித் தொடங்கிய கடை. இந்த வட்டாரத்துக்கு அது புதிய பைத்தியம் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் சேர்த்த புத்தகங்களைத்தான் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. “அவர் கைக்குத் தப்பியது என் கைக்கு வந்தது” என்பார் நம் கடைக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

வாடகைக் கணக்கு விசித்திரமானது. முன்பணம் 300 ரூபாய். அதற்கு மேல், புத்தகத்தைப் படுக்கவைத்து, முதுகுப் பக்கமாகத் தன் ஆட்காட்டி விரலைக் கிடையாக வைத்து அளக்கிறார். ஒரு விரல் கனத்துக்கு 10 ரூபாய், 15 நாள் தவணை. மனிதர் ஒல்லி; விரலும் அப்படியே. என் விரலுக்கு மூன்று வரும் புத்தகம் அவர் விரலுக்கு நான்கு வருகிறது. இதைச் சுட்டிக்காட்டினேன். “கடை யாருடையதோ விரலும் அவருடையது, டீச்சர்” என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான்கு விரல் புத்தகம், 40 ரூபாய் கொடுத்து எடுத்துவந்தது, தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ தமிழ் மொழிபெயர்ப்பு. ரஷ்யாவில் 1866இல் ஒரு மாத இதழில் தொடராக வந்தது. படிக்காதவர்களுக்காக: பீட்டர்ஸ்பர்க்கில் படிப்பைப் பாதியில் விட்ட ரஸ்கோல்னிகோவ் என்ற மாணவன், அடகு பிடிக்கும் கிழவி ஒருத்தியைக் கோடரியால் கொல்கிறான். நேரம் கெட்டு உள்ளே வந்துவிடும் அவள் தங்கை லிஸவேத்தாவையும் கொல்கிறான். ஆறு பாகம், ஒரு பின்னுரை கொண்ட நாவலில் இது முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஊர் உலகத்தில் எல்லோரும் அந்தக் கதையைக் கொலைகாரன் பக்கத்திலிருந்து படித்திருப்பார்கள். எனக்கு முடியவில்லை. என் அப்பத்தா அடகு பிடித்தவள்.

அப்பச்சியை, அதாவது என் அப்பாவைப் பெற்றவள். தேவகோட்டை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒரு பெட்டகத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தோடு, மூக்குத்தி, சில சமயம் பித்தளை அண்டா. பொருளை வாங்கியதும் வானவெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. ரஷ்யக் கிழவி அல்யோனா இவானோவ்னாவும் பையன் கொண்டுவரும் பொருளை வாங்கி வெளிச்சத்துக்குத்தான் திரும்புகிறாள். அங்கேதான் கோடரி விழுகிறது. புத்தகத்தை மூடி அடுப்படி மேடையில் வைத்துவிட்டேன். இரவு பதினொன்றரை மணி. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

கிழவி யோக்கியமானவள் என்று சொல்லவரவில்லை. கணக்கு போட்டுப் பார்த்தேன். பையன் அப்பனுடைய பழைய வெள்ளிக் கடிகாரத்தைக் கொண்டுபோய், 4 ரூபிள் கேட்கிறான். அவள் ஒன்றரை என்கிறாள். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி, அதுவும் முன்வட்டி: ஒன்றரைக்கு 15 கோபெக். முன்பு மோதிரத்தின் மேல் தந்த 2 ரூபிளுக்கு இன்னொரு 20. ஆக 35 கோபெக் பிடித்துக்கொண்டு 1 ரூபிள் 15 கோபெக்கை எண்ணி வைக்கிறாள். வருடத்துக்கு நூற்றுக்கு 120. என் அப்பத்தாவைப் போலப் பத்துப் பேரைக் கூட்டினால்தான் அந்த வட்டி வரும். சேர்த்த பணம் முழுவதையும் தன் ஆன்மாவுக்கு நித்தியப் பிரார்த்தனை நடக்க வேண்டும் என்று ஒரு மடத்துக்கு எழுதிவைத்திருக்கிறாள். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கோயிலுக்குக் கட்டளை எழுதிவைப்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாளே பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். சுவரில் பெயிண்டால் எழுதிய விதிகளில் இரண்டாவது: மூன்று நாளுக்குள் குறை சொல்லித் திருப்பினால் பாதி வாடகை வாபஸ்.

“என்ன குறை? பக்கம் கிழிந்திருக்கிறதா?”

“பக்கம் சரியாகத்தான் இருக்கிறது, அண்ணே. ஆள் சரியில்லை.”

அவர் நிமிராமல் சுவரைக் காட்டினார். நான்காவது விதி: கதைத்தலைவரைப் பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது.

அப்படி ஒரு விதியை ஒருவர் பெயிண்ட் வாங்கி எழுத வேண்டுமானால், எனக்கு முன்னால் எத்தனை பேர் வந்திருக்க வேண்டும்! மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அப்படித் திரும்பிவந்தவைதான். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு தாள் ஒட்டி, படித்தவர்கள் ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறார். குனிந்து சிலவற்றைப் புரட்டினேன். ஒன்றைக் கவனித்தேன், ஆண்கள் மன்னிக்க வேண்டும். கதையில் குடிகாரன், சூதாடி, பெண்டாட்டியைத் தவிக்க விட்டவன் என்றால், ‘பாவம், சூழ்நிலை’ என்று எழுதியிருக்கிறார்கள். கதையில் பெண் தன் விருப்பத்துக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டால் போதும், ‘திமிர் பிடித்தவள்’. ஒரே கையெழுத்தில் ஐந்து புத்தகங்களில் இந்த வார்த்தையைப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருந்தது.

என் வழக்கை எடுத்துவைத்தேன். பதினைந்து நாள் ஓர் ஆளை வீட்டில் தங்கவைக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அவனோடு தனியாக உட்காருகிறேன். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூடப் பையனுடைய குணத்தை விசாரிக்கிறார்கள். காசு கொடுத்துக் கூட்டிவருகிறவள் விசாரிக்கக் கூடாதா? எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். இரவுப் பணி முடிந்து வந்து அரை மணி நேரம் படிப்பாள். நல்லவன் ஒருவன் நன்றாக வாழும் கதைதான் வேண்டும் என்பாள். பகல் முழுக்கத் தூங்காமல் கிடக்க அவளுக்கு முடியாது. அவளைப் போய் ரசனை இல்லாதவள் என்று சொல்வதற்கு நான் தயாராக இல்லை.

“கடன் கேட்டு வருகிறவனிடம் எதைப் பார்ப்பீர்கள்? முகத்தையா, கணக்கையா?” என்றார்.

“அப்பத்தா முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள்” என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் பணமும் வரவில்லை. பசைக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு ஏதோ பழைய அட்டையை ஒட்டத் தொடங்கிவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு, தலை குனிந்தபடியே, “கோவலனுக்குப் பெண் கொடுப்பீர்களா, டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று நகரத்தார், அதாவது இந்தப் பக்கத்துச் செட்டியார்கள், மரபு சொல்கிறது. அந்த வகையில் அந்த ஊர் மாசாத்துவான் மகன் கோவலன் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. தகப்பன் முதலை அழித்தவன். கட்டியவளை விட்டுப் போனவன். எந்த ஆச்சியும் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டாள். கொடுக்காத அந்தப் பையனுக்காகத்தான் இத்தனை நூற்றாண்டாக அழுதுகொண்டிருக்கிறோம்.

“நாங்கள் அழுவது கண்ணகிக்காக” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். 40 ரூபாய் கொடுத்தாயிற்று. படித்தாவது கழிப்போம்.

மீதி 13 நாளில் ஐந்து பாகமும் படித்தேன். அவனைப் பிடிக்கவில்லை. கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. தாயையும் தங்கையையும் வாட்டுகிறான். நண்பன் ரஸூமிகினைப் போ என்கிறான், வா என்கிறான். உலகத்தில் பெரிய மனிதர்களுக்குச் சட்டம் தனி என்று ஒரு கட்டுரை வேறு எழுதியிருக்கிறான். ஆனால் கணக்கு டீச்சரை ஒரு விஷயம் பிடித்து இழுத்தது. கிழவியிடம் எடுத்த பணப்பையை அவன் திறந்தே பார்க்கவில்லை. ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டுப் போகிறான். நீதிமன்றத்தில்தான் அதில் 317 ரூபிள் 60 கோபெக் இருந்தது என்று தெரிகிறது. மேலே இருந்த நோட்டுகள் ஈரத்தில் கெட்டுப்போயிருக்கின்றன. இரண்டு உயிரை எடுத்துச் சம்பாதித்ததை எண்ணவில்லை! நீதிபதிகளுக்கே அது நம்பும்படி இல்லை. எனக்கும் இல்லை. அங்கேயிருந்து, இவன் நல்லவனா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தப் பேரேடு எப்படி முடியப்போகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

இன்னொன்று. முதல் பாகத்திலேயே அவன் ஒரு குடிகாரனின் வீட்டு ஜன்னல் விளிம்பில் தன்னிடம் இருந்த சில்லறையை வைத்துவிட்டு வருகிறான். ‘சரி, ஆரம்பித்துவிட்டார் ஆசிரியர்’ என்று நினைத்தேன். கொலைகாரனை நமக்குப் பிடிக்கவைக்கக் கையூட்டுக் கொடுக்கிறார் என்று. அடுத்த நிமிடம், படியிறங்கும்போதே, ஏன் இந்த முட்டாள்தனம் செய்தோம், நமக்கே தேவைப்படுகிறதே என்று அவன் நொந்துகொள்கிறான். பற்று, வரவு இரண்டும் ஒரே பக்கத்தில்.

பின்னுரைக்கு வந்தபோதுதான் எழுந்து உட்கார்ந்தேன். எட்டு வருடக் கடுங்காவலுக்கு சைபீரியா போகிறான். அங்கே உடன் இருக்கும் கைதிகளுக்கும் அவனைப் பிடிக்கவில்லை! அவர்களும் குற்றவாளிகள்தான். ஆனாலும் கோடரி எடுப்பது உன்னைப் போன்ற கனவான் செய்கிற வேலையா என்று இளிக்கிறார்கள். அவனைப் பார்க்க வரும் சோனியாவை, அந்தக் குடிகாரனின் மகளை, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. என் வழக்கை ஆசிரியரே கதைக்குள் எழுதிவைத்திருக்கிறார்.

அதற்குச் சற்று முன்னால், விசாரணையில், இரண்டு சாட்சியம் வருகிறது. காசநோய் வந்த ஏழை மாணவன் ஒருவனை இந்த ரஸ்கோல்னிகோவ் ஆறு மாதம் தாங்கியிருக்கிறான். அவன் இறந்த பிறகு அவனுடைய வயதான தகப்பனையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். மற்றொன்று, தீப்பிடித்த வீட்டுக்குள் புகுந்து, உடம்பில் தீக்காயம் பட்டு, இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். தீயில் புகுந்து குழந்தையைத் தூக்கிவரும் காட்சி கையில் இருந்தால், வேறு எந்த எழுத்தாளர் அதைக் கடைசி வரை வைத்திருப்பார்? முதல் அத்தியாயத்திலேயே தீ வைத்திருப்பார். நாமும் ஐயோ எவ்வளவு நல்ல பிள்ளை என்று மடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கோடரியை எடுத்தாலும் அவனுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டிருப்போம். இவர் அதை ஆறு பாகம் பெட்டிக்குள் பூட்டிவைத்து, கணக்கு முடிந்த பிறகு, கோர்ட்டு எழுத்தர் வாசிப்பதுபோல் சில வரிகளில் வாசித்துவிட்டுப் போகிறார்.

மறுநாள் கடைக்குப் போய் மூச்சு வாங்க இதைச் சொன்னேன். பசைக் கிண்ணம். பழைய அட்டை. “அடைக்கலக் காதை” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சிலப்பதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 30 காதை. அடைக்கலக் காதை பதினைந்தாவது. மதுரைக்கு வெளியே மாடல மறையோன் கோவலனைச் சந்தித்து, அவன் செய்த நல்ல காரியங்களைச் சொல்கிறான். மதயானையின் பிடியிலிருந்து ஒரு கிழவரை மீட்டது. கீரிப்பிள்ளையைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் விட்டுப்போன பெண்ணுக்குப் பரிகாரத்துக்குப் பொருள் கொடுத்து, அவனோடு சேர்த்துவைத்தது. பூதத்தின் கையில் அகப்பட்டவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்தது. இவ்வளவும் அவன் புகாரில் இருந்தபோது நடந்தவை. இளங்கோவுக்கு முதல் காண்டத்தில் சொல்ல இடமா இல்லை? சொல்லவில்லை. பதினாறாம் காதையில் அவன் வெட்டுப்படுகிறான். அதற்கு ஒரு காதை முன்பு வரை வாயைத் திறக்கவில்லை.

இங்கேதான் எனக்கும் கடைக்காரருக்கும் இன்னும் தீராத சண்டை. இளங்கோ சாவுக்கு முன்னால் சொல்கிறார், நம் கண்ணீர் சரியான நேரத்துக்கு வந்து சேரும். ரஷ்யர் தீர்ப்பின்போது சொல்கிறார், அப்போது நம் கண்ணீருக்கு எந்த உபயோகமும் இல்லை. என் ஓட்டு ரஷ்யருக்கு. கடைக்காரர் இளங்கோவை விட்டு இறங்கவில்லை. “அழ வேண்டிய இடத்தில் அழவிடாதவன் என்ன எழுத்தாளன்?” என்கிறார்.

சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிற ஊர் இது. பங்குனியில் விழாவுக்கு அப்பச்சி கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்த நாளிலிருந்து பட்டிமண்டபம் கேட்டிருக்கிறேன். கைதட்டல் வாலிக்கும் கும்பகருணனுக்கும்தான் விழும். ஆறு மாதம் தூங்குகிறவனை வீட்டில் வைத்துக்கொள்வீர்களா என்று யாரும் கேட்டதில்லை. எனக்கே இவ்வளவு நாள் தோன்றவில்லை.

இதனால் அந்தக் கீழ்த்தட்டில் இருப்பவை எல்லாம் காவியம் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த முறை வீம்புக்கு அங்கிருந்தே ஒன்றை எடுத்தேன், இரண்டு விரல். ஒருவன் ஒரு பெண்ணை 200 பக்கம் பின்தொடர்கிறான். அவள் பஸ்ஸை மாற்றுகிறாள், வேலையை மாற்றுகிறாள். ஆசிரியர் அதைக் காதல் என்கிறார். கடைசியில் அவள் அழுதுகொண்டே சம்மதிக்கிறாள், கல்யாணம், சுபம். இவனையும் பிடிக்கவில்லை, அவனையும் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றா? ரஷ்யர் தன் ஆளுடைய கடனை ஒரு கோபெக் விடாமல் எழுதினார். இந்த மனிதர் தன் ஆளின் மேல் மயங்கிப்போய்ப் பற்றுப் பக்கத்தையே கிழித்துவிட்டார். பள்ளியில் இப்படிச் செய்த பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். பின்னட்டைத் தாளில் அதையே எழுதினேன். பாதி வாடகை கேட்டேன். நான்காவது விதியைக் காட்டினார். “நான் குறை சொல்வது ஆளை இல்லை, எழுதியவரை” என்றேன். கொஞ்சம் யோசித்து 10 ரூபாய் கொடுத்தார். ஆக, வாபஸ் வாங்க முடியாத கடை இல்லை. காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

இனி கடையின் குறைகள். வெளிச்சம் போதாது, ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் அவர் தலைக்கு மேல். உட்கார ஒரு நாற்காலிதான், அதில் அவர் இருக்கிறார். புத்தகங்களில் இராமபாணப் பூச்சி உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோனதும் வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அலமாரிக்கும் குடிவரும். வருகிறவர்களை வாருங்கள் என்று சொல்லும் வழக்கம் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்தால் விரட்டுகிறார்.

பக்கக் குறைவும் உண்டு. நான் எடுத்த பிரதியில் ஐந்தாம் பாகத்தில் எட்டுப் பக்கம் கிடையாது. அந்த இடத்தில் கோடு போட்ட பழைய பேரேட்டுத் தாளில், மணிமணியான கையெழுத்தில், எட்டுப் பக்கத்தையும் எங்கிருந்தோ பார்த்து எழுதி ஒட்டியிருந்தார். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. பார்த்ததும் மனம் இளகத்தான் செய்தது. உடனே சுதாரித்துக்கொண்டேன்; எந்தக் கையூட்டை எழுத்தாளர்கள் கொடுக்கக் கூடாது என்று மேலே இவ்வளவு நேரம் சொன்னேனோ, அதையே கடைக்காரருக்காக நான் உங்களிடம் கொடுக்கிறேன். எனவே இதையும் எழுதிவிடுகிறேன்: பேரேட்டுத் தாள் தடிமன். அந்த எட்டுப் பக்கத்தால்தான் புத்தகம் மூன்றரையிலிருந்து நான்கு விரலானது. அதற்கும் சேர்த்துத்தான் என்னிடம் வாடகை வாங்கினார்.

ஐந்துக்கு மூன்றரை.

காலை 10 முதல் 1 வரை, மாலை நாலரை முதல் 8 வரை. செவ்வாய் விடுமுறை. பணமாகத்தான் வாங்குகிறார், சில்லறை கொண்டுபோங்கள், மீதியைக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன் என்பார். என்னுடைய 20 ரூபாயும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சென்ற வாரம் நோட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ‘தேவகோட்டை டீச்சர் – வழக்கு நிலுவை’ என்று எழுதியிருக்கிறார்.